சி.வி. ராமனின் வேலைக்கதையைத் தோட்டத்து மண்டபத்தில் சொல்வது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில், கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ அறிவியல் பேச்சு ஒன்றுக்கு ஒப்புக்கொண்டால் உங்கள் தலையில் வந்து விழும் பெயர் பெரும்பாலும் சி.வி. ராமன்தான். பிறந்தார், படித்தார், நோபல் பரிசு வாங்கினார், இறந்தார் என்பதை நாற்பது நிமிடத்துக்கு இழுத்தால் மூன்றாவது நிமிடமே பின்வரிசையில் கைப்பேசி வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும். அதனால் முதலில் அவரை மேதை என்று அறிமுகப்படுத்துவதை நிறுத்துங்கள். சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆள் என்று தொடங்குங்கள். நம் மண்டபத்தில் வந்து உட்காரும் பெரியவர்கள் பெரட்டு (விடியற்காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது), நாள்கூலி, ஆள்கணக்கு என்று வாழ்நாள் முழுக்க வேலையை அளந்து பார்த்தவர்கள். "அவருக்கு யார் சம்பளம் கொடுத்தா, எவ்வளவு கொடுத்தா?" என்றுதான் முதலில் கேட்பார்கள், அது சரியான கேள்விதான். நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் இயற்பியல் பேராசிரியரின் வாழ்க்கையில் காசு எங்கிருந்து வந்தது, வேலை செய்த அறை யாருடையது, பக்கத்தில் நின்றவர்கள் யார் என்ற மூன்றையும் பிடித்துக்கொண்டால் மிச்சக் கதை தானாக வந்து சேரும்.

காசிலிருந்து தொடங்குவோம். 1888 இல் திருச்சி திருவானைக்காவலில் பிறந்த ராமன், 1907 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடிக்கும்போது அவருக்கு 18 வயது. அதற்கு முந்தைய வருடமே லண்டனில் வரும் பிலாசபிக்கல் மேகசின் என்ற அறிவியல் இதழில் அவருடைய கட்டுரை ஒன்று அச்சாகிவிட்டது. ஆனால் அந்தக் கால இந்தியாவில் இயற்பியல் ஆராய்ச்சியை நம்பி ஒருவர் குடும்பம் நடத்த வழியே கிடையாது. அதனால் நிதித்துறைப் பரீட்சை எழுதி, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். கணக்குப் பார்க்கும் வேலை, நல்ல சம்பளம், வெள்ளைக்கார அரசாங்கத்து மரியாதை. பத்து வருடம் அதில்தான் இருந்தார். நடுவில் 1909 இல் ரங்கூனுக்கு மாற்றல், 1910 இல் நாக்பூர், 1911 இல் மறுபடி கல்கத்தா. ரங்கூன் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் தாத்தா பாட்டிகள் பலர் பர்மாவுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய காலம் அது. ராமன் போனது அதிகாரியாக, நம்மவர்கள் போனது கூலியாக. இந்த வித்தியாசத்தை மழுப்ப வேண்டாம்.

அப்புறம் 1917 வருகிறது. தாரக்நாத் பாலித் என்ற வழக்கறிஞர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்குத் தன் சொத்தை எழுதிவைத்திருந்தார், அந்தப் பணத்தில் உண்டானதுதான் பாலித் இயற்பியல் பேராசிரியர் பதவி. அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி ராமனை அந்த இடத்துக்குக் கூப்பிட்டார். சம்பளம் அவர் வாங்கிக்கொண்டிருந்ததில் ஏறக்குறைய பாதிதான். அது போதாதென்று, வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வேறு. ராமன் வெளிநாடு போக மறுத்தார், கடைசியில் நிபந்தனைதான் விலகியது. இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, "நீங்களா இருந்தா பாதிச் சம்பளத்துக்குப் போவீங்களா?" என்று கூட்டத்தைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் போனாலும் பரவாயில்லை. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கட்டாயம் "பென்ஷன் இருந்துச்சா?" என்பார், அவருடைய மனைவி "வீட்டுல கேட்டாரா?" என்பார். இரண்டுக்கும் நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பேராசிரியர் என்பது ஒரு பட்டம் மட்டுமில்லை, யாரோ ஒருவர் எழுதிவைத்த சொத்தில் நடக்கும் வேலை என்பது கூட்டத்துக்குப் புரிந்தால் போதும்.

அட்டை தயார் செய்வதைப் பற்றி. மணிலா அட்டையில் படம் ஒட்டி, பிறந்த தேதி இறந்த தேதி எழுதித் தொங்கவிடுவது பள்ளிக்கூடப் பழக்கம், அதைப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். நீங்கள் மாஜோங் தாளை (பெரிய வெள்ளைத் தாள்) நீளவாக்கில் ஒட்டி இரண்டு வரிசைக் காலக்கோடு போடுங்கள். மேல் வரிசை ராமன், கீழ் வரிசை மலாயா. மேலே 1907 அக்கவுண்டன்ட் வேலை என்றால், கீழே அதே 1907 இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவுக்காகத் தமிழர் குடியேற்ற நிதி உண்டானது. மேலே 1910 நாக்பூர், கீழே ரப்பர் விலை உச்சத்துக்குப் போன வருடம். மேலே 1930 நோபல் பரிசு, கீழே ரப்பர் விலை விழுந்து தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நம்மவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப ஆரம்பித்த காலம். மேலே 1948 இல் ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஓய்வு, கீழே அதே 1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட் பக்கத்திலேயே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949 இல்தான் வந்தது என்பதையும் கீழே எழுதுங்கள், ராமன் ஓய்வு பெறும் வரைக்கும் இங்கே ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை என்பதை வாயால் சொல்லவே தேவையிருக்காது. பேச்சு முடிந்தபிறகு இந்தக் கீழ் வரிசை முன்னால்தான் கூட்டம் நிற்கும், நிற்கட்டும்.

அடுத்தது அறை. பேராசிரியர் என்றதும் பெரிய பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றைப் பிள்ளைகள் கற்பனை செய்வார்கள். ராமனின் முக்கியமான வேலை நடந்தது அங்கே இல்லை. கல்கத்தா பவுபஜார் தெருவில் 210 ஆம் எண் வீட்டில், மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876 இல் நன்கொடை வசூலித்து ஆரம்பித்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. ராமன் கல்கத்தாவுக்கு வந்த 1907 இல் அது ஏறக்குறைய ஆள் நடமாட்டமில்லாத இடம். அங்கே போய் நான் இங்கே வேலை செய்யலாமா என்று கேட்டார். கதவைத் திறந்துவிட்ட அசுதோஷ் தே என்பவர் பின்னால் அவருடைய உதவியாளராகவே ஆகிவிட்டார், எல்லாரும் ஆசு பாபு என்று கூப்பிடும் ஆள். விடியற்காலையில் ஆய்வகம், பிறகு குளித்துச் சாப்பிட்டு அக்கவுண்டன்ட் ஆபீஸ், சாயந்திரம் ஆபீசிலிருந்து நேராக ஆய்வகம், இரவில்தான் வீடு. இந்த நேரக்கணக்கைப் பால்மரம் வெட்டியவர்களிடம் சொன்னால் கண்டிப்பாகத் தலையாட்டுவார்கள். பேராசிரியர் ஆனபிறகும் அவர் ஆராய்ச்சியை இந்தக் கழகத்தில்தான் தொடர்ந்தார், 1919 இல் அதன் செயலாளராகவும் ஆனார். பாலித் பேராசிரியர் வகுப்பெடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவர் எடுத்தார். அதனால்தான் தெற்கிலிருந்து பையன்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறி வந்தார்கள்.

இனி கப்பல். இதை எல்லாரும் சொல்வார்கள், எல்லாரும் தப்பாகவும் சொல்வார்கள். ராமன் கடலைப் பார்த்தார், ராமன் விளைவை, அதாவது சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுவதை, கண்டுபிடித்தார் என்று ஒரே மூச்சில் முடிப்பார்கள். நடந்தது வேறு. 1921 இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்விட்டு நார்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது கடலின் நீலம் அவர் கண்ணைப் பிடித்தது. வானத்தின் நிறம்தான் தண்ணீரில் பிரதிபலிக்கிறது என்று ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு சொல்லியிருந்தார். ராமன் சட்டைப்பையில் ஒரு சின்ன நிக்கோல் பட்டகம் வைத்திருந்தார். அதைச் சரியான கோணத்தில் பிடித்தால் தண்ணீர்ப் பரப்பிலிருந்து வரும் பிரதிபலிப்பு காணாமல் போகும். பிரதிபலிப்பு போனபிறகும் கடல் நீலமாகவே இருந்தது, அப்படியென்றால் நிறம் தண்ணீருக்குள்ளேயிருந்துதான் வருகிறது. இவ்வளவுதான் கப்பலில் நடந்தது. தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதுதான் கடலின் நீலத்துக்குப் பெரிய காரணம், சிதறல் அதோடு சேர்கிறது என்று இன்றைக்குத் தெரியும், அதையும் சொல்லிவிடுங்கள். பெரிய ஆள் என்பதற்காக எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

இதை மண்டபத்து வாசலிலேயே காட்டலாம், நிக்கோல் பட்டகம் எல்லாம் வேண்டாம். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் போலராய்டு கறுப்புக் கண்ணாடி கிடைக்கும், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி உதவாது. மழை பெய்து தார் ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி அடியில் ஒரு காசைப் போட்டு வெளிச்சமான வானத்துக்கு எதிரில் வையுங்கள். நேர் மேலேயிருந்து குனிந்து பார்க்கக்கூடாது, கொஞ்சம் தள்ளி நின்று சாய்வாகப் பார்க்க வேண்டும். செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 53 பாகை சாய்வில் விளைவு மிகத் தெளிவாக இருக்கும், ஆனால் பிள்ளைகளிடம் பாகைக்கணக்கு சொல்ல வேண்டாம், முன்னே பின்னே நடந்து பார்க்கச் சொல்லுங்கள், அவர்களே இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். கண்ணாடியைப் போட்டதும் தண்ணீர் மேல் இருக்கும் பளபளப்பு போய்க் காசு தெரியும். தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் பளபளப்பு திரும்ப வரும். வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராகப் பார்க்கவிடுங்கள், நேரம் பிடிக்கும். இது தெளிவாகத் தெரியட்டும் என்று யாராவது பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம்.

கப்பலுக்கும் கண்டுபிடிப்புக்கும் நடுவில் ஏழு வருடம் இருக்கிறது, பேச்சின் நடுப்பகுதி இந்த ஏழு வருடமாகத்தான் இருக்க வேண்டும். 1923 இல் ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன், தண்ணீர் மாதிரியான திரவங்களில் ஒளியைச் செலுத்திப் பக்கத்திலிருந்து பார்த்தபோது, உள்ளே போன நிறத்திலிருந்து மாறுபட்ட, மிகமிக மங்கலான ஒளி ஒன்றைக் கண்டார். ஏதோ அழுக்கு ஒளிர்கிறது என்று நினைத்துத் திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள், ஆனால் அந்த ஒளி போகவில்லை. 1927 முடிந்து 1928 தொடங்கும் நேரத்தில் எஸ். வெங்கடேஸ்வரன் கிளிசரினில் அதே ஒளியைப் பார்த்தபோது அது நன்றாக முனைவாகியிருந்தது, அதாவது போலராய்டைத் திருப்பினால் மங்குகிற வகை ஒளி. சாதாரணத் திரவங்களில் அழுக்கு ஒளிர்ந்தால் அப்படி இருக்காது. அங்கேதான் இது வேறு சங்கதி என்ற சந்தேகம் பலமானது.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. மருந்துக்கடையில் நிறமில்லாத ஸ்பிரிட் வாங்கி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கி, அடியில் தங்கியபிறகு மேலே தெளிந்ததைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி மூடுங்கள். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் அதன் மேல் அடித்தால் புட்டி பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். உள்ளே போனது ஒரு நிறம், வெளியே வந்தது இன்னொரு நிறம். "இதுதானா ராமன் கண்டுபிடித்தது?" என்று கேட்பார்கள். இல்லை, இது ஒளிர்தல், இதுவாக இருக்குமோ என்றுதான் அவர்கள் அத்தனை வருடம் சந்தேகப்பட்டார்கள் என்று சொல்லுங்கள். ஸ்பிரிட் நெருப்புப் பிடிக்கும், விளக்கேற்றும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், டார்ச்சைக் கண்ணில் அடிக்கவிடாதீர்கள்.

உண்மையான சோதனையைச் செய்து காட்ட முயல வேண்டாம். நீல-ஊதா வடிகண்ணாடி வழியாக வெயிலைத் திரவத்துக்குள் விடுவார்கள், பக்கத்திலிருந்து மஞ்சள்-பச்சை வடிகண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். முதல் கண்ணாடி விட்டதை இரண்டாவது தடுத்துவிடும் என்பதால் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தது. சிதறும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான் இப்படி நிறம் மாறுகிறது, மண்டபத்துக் குழல்விளக்கில் வண்ணக் காகிதத்தை வைத்து அதைக் காட்டவே முடியாது, காகிதம் எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கசியவிடும். மாஜோங் தாளில் இரண்டு கட்டம், ஒரு புட்டி, ஒரு கண் வரைந்து காட்டுங்கள், போதும். 1928 பிப்ரவரி 28 அன்று ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வழியாகப் பார்த்து உறுதி செய்தார்கள், மறுநாள் பத்திரிகைக்குச் சொன்னார்கள். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் இருவரும் அதே பிப்ரவரியில் குவார்ட்ஸ் படிகத்தில் இதையேதான் பார்த்திருந்தார்கள். ராமன் பக்கம் முதலில் அச்சில் வந்துவிட்டது. அதை மறைத்தால் கூட்டத்தில் கூகிள் பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்தாம் படிவப் பையன் எழுந்து சொல்வான், நீங்களே சொல்லிவிடுங்கள்.

அட்டையில் பெயர் எழுதும்போது ஒரு விஷயத்தில் நான் பிடிவாதம். ராமன் பெயர் எந்த அளவோ அதே அளவில் கே.எஸ். கிருஷ்ணன் பெயரும் இருக்க வேண்டும். 1898 இல் வத்திராயிருப்பில் பிறந்தவர், 1923 இல் ராமனிடம் வந்து சேர்ந்தவர், அந்த 1928 ஆரம்பத்தில் சோதனை மேசையில் நாள்தோறும் இருந்தவர். நேச்சர் இதழில் வெளியான முதல் குறிப்பில் இருவர் பெயரும் இருக்கிறது. 1930 பரிசு ராமனுக்கு மட்டும் போனது. கிருஷ்ணன் அதே 1928 முடிவில் டாக்காப் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார், பின்னால் 1947 இல் டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். ராமநாதன், வெங்கடேஸ்வரன், ஆசு பாபு பெயர்களையும் அட்டையில் சேருங்கள். மேஸ்திரி பெயரை மட்டும் கணக்கில் எழுதிவிட்டு ஆள் பெயரை விடுவதைப் பார்த்தே வளர்ந்த ஊர் நம் ஊர், இங்கே இதை விளக்க வேண்டியதில்லை.

கசப்பான பகுதியையும் விடாதீர்கள், குறிப்பாக மண்டபத்தில் பெண்பிள்ளைகள் இருந்தால். 1933 இல் ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராகப் போனார். அதே வருடம் கமலா பாகவத் என்ற பெண் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் தயங்கி நிபந்தனைகளோடுதான் சேர்த்துக்கொண்டார். அவர் ஜெயித்துக் காட்டினார், கமலா சோஹோனி என்று பின்னால் அறியப்பட்ட உயிர்வேதியியலாளர் அவர்தான். ராமனிடம் வைரம், மாணிக்கம் பற்றி ஆராய்ந்த அன்னா மணிக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை, அவர் வானிலைத் துறைக்குப் போய்ப் பெயரெடுத்தார். ராமனுக்கும் பெங்களூர் நிர்வாகத்துக்கும் ஒத்துப்போகவில்லை, 1937 இல் இயக்குநர் பதவியை விட்டு வெறும் பேராசிரியராக இருந்தார். இந்த நிர்வாகச் சண்டையை விவரிக்க வேண்டாம், நீளம், சுவையும் இல்லை.

மேளத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலிலேயே கொண்டுவந்தால் பிள்ளைகள் வேறு எதையும் கேட்கமாட்டார்கள். ராமன் ஒளிக்கு வருவதற்கு முன் பல வருடம் ஒலியைத்தான் ஆராய்ந்தார், வயலின், வீணை, மிருதங்கம், தபேலா எல்லாம். 1920 இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து நேச்சரில் ஒரு குறிப்பு, 1934 இல் இந்திய மேளங்களைப் பற்றி விரிவான கட்டுரை. சாதாரணத் தோல் மேளத்தைத் தட்டினால் அதில் எழும் சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துவராது. மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) நடுவில் பூசியிருக்கும் கருப்புப் பூச்சின் எடை அந்த அதிர்வுகளை மாற்றி, முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் ஐந்து ஒத்திசைந்த சுரங்களுக்குள் வந்து அடங்கும்படி செய்கிறது என்று அவர் காட்டினார். நம் ஊரில் தப்பும் உறுமியும் வைத்திருப்பவர்களைத் தேடவே வேண்டாம், மிருதங்கம் கோயில் பஜனைக் குழுவில் இருக்கும், இரவல் கேளுங்கள், ஆனால் வாசிப்பவரையே கூப்பிடுங்கள், அடுத்தவர் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். முதலில் தப்பை ஒரு அடி, பிறகு வலந்தலையை ஒரு அடி, எதில் சுரம் நிற்கிறது என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லும். தப்பு மட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வேறு வேலைக்கான கருவி. வாசிப்பவர் சம்மதித்தால் தோல் மேல் மெல்லிய மணலைத் தூவி, ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு தட்டச் சொல்லுங்கள். அதிராத இடங்களில் மணல் கோடாகக் கூடும். ராமனும் மணல் தூவித்தான் பார்த்தார். பெரும்பாலானவர் சம்மதிக்க மாட்டார், பூச்சில் மணல் ஒட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது.

தயாரிப்புக்கு எதைப் படிப்பது என்றால், அவர் 1930 டிசம்பர் 11 அன்று ஆற்றிய நோபல் உரை நோபல் பரிசுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, ஆங்கிலத்தில். முதல் சில பக்கம் கடலைப் பற்றியது, பள்ளி ஆங்கிலம் போதும். வாட்ஸாப்பில் சுற்றும் ராமன் கதைகளில் தேதியும் இடமும் இல்லாததை எடுக்காதீர்கள். பேச்சு இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், சோதனைக்கும் கேள்விக்கும் மிச்சம். தண்ணீர்ப் பேசின் சோதனைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், ஊதா டார்ச்சுக்கு இருட்டு வேண்டும், அதனால் மாலை ஆறரைக்குத் தொடங்கினால் இரண்டும் அமையும், நம் பக்கம் ஏழரை மணி வாக்கில் இருட்டிவிடும். அன்றைக்குக் கோயிலில் சாயரட்சை எத்தனை மணிக்கு என்று குருக்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பூசை நடக்கும்போது தப்படிக்க முடியாது.